டியூப் லைட் பிடுங்கிய இருட்டு

சீமைக்கருவேலம் புதருக்குள் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு வாடை கிளம்பும். சூடு ஆறாத மண், காய்ந்த ஆட்டுப்புழுக்கை, எல்லாவற்றுக்கும் மேலே மனித மலம். என் இளமைக்காலத்துச் சாயங்காலத்தின் வாசனை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும்.

தெருவிளக்கு வராத காலத்து இரவைப் பற்றி இப்போது யார் எழுதினாலும், யார் மேடையேறினாலும், நட்சத்திரம் என்கிறார்கள், நிலாச்சோறு என்கிறார்கள், இருட்டோடு இசைந்து வாழ்ந்தோம் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிலாச்சோறு தின்ற பெண்கள் அடுத்த நாள் காலையில் எங்கே போனார்கள் என்று இவர்களில் ஒருவராவது யோசித்ததுண்டா?

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குத் தெற்கே, சோழபுரம் பக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குக் கம்மாய்க்கரை இருந்தது. பட்டப்பகலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, நினைத்த நேரத்தில் போவார்கள். பெண்களுக்கு இருட்டு ஒன்றுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே "இருட்டுக்குப் போறது". பொழுது அடங்கியதும் ஒரு தடவை, விடியுமுன் மில்லில் முதல் சங்கு ஊதுவதற்குள் ஒரு தடவை. அந்தச் சங்கைத் தவறவிட்டவள் அன்று முழுவதும் அடக்கிக்கொண்டு, களையெடுக்கவும் தீப்பெட்டி ஒட்டவும் போவாள். இந்தக் கணக்கில் பௌர்ணமி எங்களுக்கு எதிரி. ஊரெல்லாம் நிலாவைக் கொஞ்ச, என் அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "பாழாப்போன நெலா, இன்னைக்குன்னு பாத்து இம்புட்டு வெளிச்சம்" என்று வைவாள்.

அடுத்த வீட்டு ராசம்மா சித்தி செம்பில் தண்ணீரோடு வந்து, "ஏட்டி, வாரியா?" என்று குரல் கொடுத்தால் அம்மாவும் என் அக்கா செல்வக்கனியும் கிளம்புவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, தெருவோரத்திலேயே உட்கார்ந்து எழுந்துவிடலாம். அக்கா வயசுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்ததால் அவளால் அது முடியாது. எனக்கு அவசியமில்லை என்றாலும் நானும் கூடவே ஓடுவேன், ஏனென்றால் அங்கேதான் பேச்சு இருந்தது. யாரை எவன் அடித்தான், எந்த மாமியார் சோற்றுப் பானையை எடுத்து ஒளித்துவைத்தாள் என்பதெல்லாம் அந்தப் புதருக்குள்தான் வெளிவரும். அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தேள் கொட்டியிருக்கிறது, முள் குத்திச் சீழ் வைத்திருக்கிறது. வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நான் நாலாம் வகுப்பு படிக்கையில் தெருவுக்கு விளக்கு வந்தது. நாலு கம்பங்கள். நாலாவது கம்பத்தை எங்கே நடுவது என்று பேச்சு வந்தபோது யோசனை சொன்னவர் சாட்சாத் என் அப்பாதான். மில்லில் வேலை, நல்ல மனிதர், பெண்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். "பொம்பளைக இருட்டுக்குப் போற எடம், பூச்சி பொட்டு கெடக்கும், அங்க ஒரு லைட்டப் போட்டுவிடுங்க" என்றாராம். அத்தனை ஆண்களும் ஆகா என்று தலையாட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பெண்கள் எப்படி உட்காருவார்கள் என்று அங்கே ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. பெண்களைக் கேட்கலாமே என்றும் தோன்றவில்லை.

புதரை ஒட்டிக் கம்பம் நின்றது. தேங்காய் உடைத்தார்கள், பஞ்சாயத்துத் தலைவர் சுவிட்சைப் போட்டார், டியூப் லைட் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. "ஏன் சும்மா நிக்கீக, கொலவ போடுங்க" என்று பெண்களைப் பார்த்து யாரோ அதட்ட, அவர்களும் குலவையிட்டார்கள். கையில் செம்போடு வந்திருந்த ராசம்மா சித்தி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குலவையிட்டாள். அன்று ஒருத்தியும் இருட்டுக்குப் போகவில்லை.

வெளிச்சம் இருந்தால் ஆண்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே கம்பத்தடியில் துண்டை விரித்துச் சீட்டாட்டம் தொடங்கிவிட்டது. பெண்கள் ஓடையைத் தாண்டிப் பருத்திக்காட்டுக்குப் போனார்கள், காட்டுக்காரர் கல்லெடுத்து விரட்டினார். காரணத்தைச் சொல்லி விளக்கை மாற்றச் சொல்லலாம் என்றால், அந்தக் காரணத்தை ஆண்கள் முன்னால் எப்படி வாயால் சொல்வது? சொந்தப் புருஷனிடமே அம்மா சொல்லவில்லை. "அவிய நல்லதுக்குத்தான கேட்டாவ" என்று எங்களிடம் முனகுவாள்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றாள். பிறகு தண்ணீரையும் குறைத்தாள். சித்திரை வெயிலில் நாளெல்லாம் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வந்து, நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். இரண்டாம் மாதம் குளிர்க்காய்ச்சல், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். ராஜபாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு அம்மாவிடம், "உங்க ஊர்ல தண்ணிப் பஞ்சமா? பிள்ள தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். அம்மா மருந்துச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஊரில் இறங்கியதும் அக்காவை என்னிடம் விட்டுவிட்டு நேரே கம்பத்தடிக்குப் போனாள். அப்பாவும் அங்கே சீட்டும் கையுமாக இருந்தார்.

"அண்ணாச்சிமாரே, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நீங்க ஒக்காந்திருக்க எடத்துலதான் நாங்க இம்புட்டு நாளா ஒக்காந்தோம். இனிமே நாங்க எங்க போயி ஒக்கார?"

ஒருவன் சிரித்தான். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி, வாய மூடிட்டு வீட்டுக்குப் போ."

"ரெண்டு மாசமா எல்லாத்தையும் மூடிக்கிட்டுத்தான இருந்தோம்? எம்மக சாகக் கெடக்கா."

சிரித்தவன் சீட்டைக் கீழே போட்டான். கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று அங்கே இருந்த பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். ஆறு வருஷம் கழித்துக் கட்டினார்கள், தண்ணீர் வசதியில்லாமல். கொஞ்ச நாளில் அதைப் பூட்டி, திருவிழாவுக்கான மைக் செட்டை உள்ளே வைத்தார்கள். அன்று கம்பத்தடியில், விளக்கை அகற்ற முடியாது, அரசாங்கக் கம்பம் என்றார்கள். அம்மா வாதாடவில்லை. மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் ஒரு கல்லை எடுத்துக் குறிபார்த்து எறிந்தாள். மூன்றாவது கல்லில் டியூப் நொறுங்கியது. புதிது மாட்ட வந்த லைன்மேன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார், கம்பத்தை ஒரு பார்வை பார்த்தார், "டியூப் ஸ்டாக் இல்ல, வர நாளாகும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்பா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. நல்லது செய்யப்போய் அவமானப்பட்டேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது அந்தப் புதர் இல்லை, பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். சீட்டாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் கக்கூஸ் இருக்கிறது, ராவும் பகலும் தெரியாத அளவுக்கு விளக்கு எரிகிறது. எங்கள் ஊருக்கு வெளிச்சம் வந்த கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், சுவிட்சைப் போட்டவர் யார் என்பதை மட்டும் மறக்காமல் சொல்கிறார்கள்.

போன வாரம் அக்காவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சிறுநீரகக் கல்லுக்காக இரண்டாம் முறையாக ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறாள். மகன் கட்டிய வீட்டில் மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கழிப்பறைகள். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருமகள் ஊற்றி வைத்த சொம்பு அப்படியே இருந்தது. நான் கோபத்தோடு எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டாள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், பிறகு சொம்பைத் தரையில் வைத்தாள்.

"செத்த நேரம் போகட்டும், தாயி. இருட்டுன பொறவு குடிக்கேன்."

அப்போது பகல் மணி இரண்டுகூட ஆகவில்லை.