புளியங்கிளையும் போனஸும்

கார் வாங்கியதிலிருந்து என் கணவர் ஒருமுறைகூட இன்சூரன்ஸ் க்ளைம் போட்டதில்லை. அதற்காக வருடா வருடம் பிரீமியத்தில் போனஸ் என்று ஒரு தள்ளுபடி கூடிக்கொண்டே வந்தது. திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணி வாங்க வருகிறவர்களிடம்கூட இந்தத் தள்ளுபடியைப் பற்றிப் பெருமையடிப்பார்.

அந்தப் பெருமையால் எனக்குக் கார் சாவி கிடைக்கவே இல்லை. நானும் முறையாகப் பழகி லைசென்ஸ் வாங்கியவள்தான். கேட்டால், "நீ எங்கயாச்சும் இடிச்சு வச்சா அம்புட்டு போனஸும் போயிரும்மா" என்பார். பழனிப் பக்கம் கீரனூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குக் குஜிலியம்பாறை போனோம். வெயில் படக்கூடாதென்று காரைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது காற்று கிளம்பியது. மழையோடு சேர்ந்து பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆள் பருமனுள்ள கிளையொன்று காரின்மேல் கிடந்தது. கூரை உள்ளே அமுங்கி, முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. அவர் பிசைந்த சோறு கையில் ஒட்டியிருக்க அப்படியே எழுந்து வந்திருந்தார். கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் மழையில் நின்றார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகையைக் கேட்டதும் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

"க்ளைம் போட்டா போனஸ் போயிருமாய்யா?"

"போயிரும்ணே. அடுத்த வருசம் தள்ளுபடி இல்லாமத்தான் கட்டணும். பெறகு க்ளைம் இல்லாம ஓட்டுனா, மறுபடி முதல்லருந்து கொஞ்சங்கொஞ்சமா ஏறும்."

போனை வைத்துவிட்டு, "கைக்காசப் போட்டுச் சரி பண்ணிருவோமா?" என்று என்னைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இத்தன வருசம் போனஸ்ல மிச்சம் புடிச்சதையெல்லாம் சேத்தாலும் இந்தச் செலவுல பாதி வராது. மரம் விழுந்தா உதவத்தான கட்டுறோம்? இதுக்குக் கேக்காம வேற எதுக்குக் கேப்பீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, "போட்டுட்டேன்" என்றார். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து சேதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சின்னச் சின்னப் பிடித்தங்கள் போக மீதியைக் கம்பெனியே ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டியது.

கார் வீடு வந்த வாரம், காபி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "கீரனூருக்கு நீயே ஓட்டிட்டுப் போறியா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. நெடுநாள் சுமந்ததை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார். அந்த ஞாயிறே நான் ஓட்ட, இருவரும் கிளம்பினோம். பழனி ரோட்டில் பாதயாத்திரைக்காரர்களைக் கடக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

அடுத்த ரினியூவலில் பிரீமியம் நன்றாகவே ஏறியிருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே கட்டினார்.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டு கேட் தூணில் நான் காரின் கதவை உரசிவிட்டேன். அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "க்ளைம் போட்டுரலாமா?" என்றார்.

"வெறும் பெயிண்டுதாங்க. இதுக்குப் போயி எதுக்கு? இப்பத்தான போனஸ் முதல்லருந்து ஏற ஆரம்பிக்குது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிப் போனார்.