சொல்லாமல் கொடுத்த துப்பாக்கி

காபிக் கடையில் வெர்லின் ஹோகன் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் துப்பாக்கியில்தான் வந்து நிற்கும். "இப்ப வர்றதெல்லாம் ஒரு துப்பாக்கியா? பிளாஸ்டிக் கட்டை. படகு தள்ளத்தான் லாயக்கு" என்பான். அவனுடைய பழைய பம்ப் துப்பாக்கி வால்நட் மரம் போட்டது. முன்பிடியை இழுத்துத் தள்ளினால் சத்தமே இல்லாமல் அடுத்த தோட்டா ஏறும். அமெரிக்காவில், டகோடாவின் அந்தச் சின்ன ஊரில் தானியக் கிடங்கு வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாத மனிதனுக்கு, பெருமை பேச அது ஒன்றுதான் இருந்தது.

அப்படி வாய் கிழியப் பேசியவன், அந்த வருஷம் கமுக்கமாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கிவிட்டான். அதற்கு எடை குறைவு. பழையதைச் சுமந்து நாள் முழுக்க நடக்க அவன் தோள் இடங்கொடுக்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டைப் பருவம் தொடங்கும் நாள் காலையில் வண்டியில் இரண்டும் கிடந்தன. தங்கை புருஷன் லீலண்ட் கையை வீசிக்கொண்டு வந்து நின்றான்.

"என் துப்பாக்கி ரிப்பேருக்குப் போயிருக்கு, மச்சான். இதுல எதை எடுத்துக்கட்டும்?"

வெர்லினின் கை தானாகப் புதியதன் மேல் போனது. "இது சும்மா சோதிச்சுப் பாக்க வாங்கினது. நல்லதை நீ எடுத்துக்க, மாப்ள."

சோளக்காட்டுக்குச் சொந்தக்காரி ஆர்டிஸ், அன்றைய வேட்டைக்கும் அவள்தான் தலைவி, கைதட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களாய்யா, உசுரையே எடுத்துக் குடுத்துட்டான்!"

அந்தப் பழைய துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. விசையில் விரல் அழுந்தியிருக்க முன்பிடியைத் தள்ளினால், தோட்டா ஏறிய கையோடு வெடித்துவிடும். புதியவை அப்படி இல்லை; விரலை எடுத்து மறுபடி அமுக்க வேண்டும். லீலண்டுக்குப் பழக்கம் புதியவை மட்டும்தான். இரவல் கேட்ட எல்லோரிடமும் வெர்லின் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அன்று ஆர்டிஸ் புகழ்ந்த சூட்டில், சொன்னால் கொடை சிறுத்துவிடுமே என்றிருந்தது. 'அப்ப அந்தப் புதுசையே குடு' என்று லீலண்ட் கேட்டுவிட்டால்? மென்று முழுங்கிவிட்டான்.

வரிசையாகச் சோளத்துக்குள் இறங்கினார்கள். ஒரு சேவல் எழும்பியது. லீலண்ட் சுட்டான், தவறியது. துப்பாக்கியைத் தாழ்த்தியபடியே முன்பிடியை இழுத்துத் தள்ளினான். அடுத்த வெடி தரையில் விழுந்தது. மண் தெறித்தது. ஆர்டிஸின் நாய் ஜூனோ காது கிழிந்து அலறியது.

"விரல் எங்கடா இருந்துச்சு?" ஆர்டிஸ் ஓடி வந்தாள்.

"நான் அமுக்கல, அக்கா. சத்தியமா ரெண்டாவது தடவ அமுக்கல."

"ஆமா, அதுவா வெடிச்சிருக்கும்!" என்றான் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள்.

அதுவாகத்தான் வெடித்தது. அதை அறிந்த ஒரே ஆள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைதவறிச் சுட்டவன் அன்று முழுக்க வெறுங்கையோடு, சோளத்தட்டையைத் தட்டிப் பறவை கிளப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். லீலண்ட் தோட்டாக்களை உருவினான்.

மதியம் வண்டிகளின் பின்பலகையில் சாப்பாடு. லீலண்ட் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவனே எழுந்து, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த துப்பாக்கியோடு வந்தான்.

"மன்னிச்சுக்க, மச்சான். இவ்வளவு நல்ல துப்பாக்கிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

வெர்லின் ரொட்டியைக் கீழே வைத்தான். கூசிப்போய் எழுந்தான்.

"அக்கா, அந்தத் துப்பாக்கியே அப்படித்தான். விசைல விரல் இருந்தா, பம்ப் பண்ணும்போதே வெடிக்கும். மாப்ளகிட்ட நான் சொல்லல."

நாயின் காதில் துணி சுற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸ் நிமிர்ந்தாள். "மறந்துட்டியா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். ஆனால் லீலண்ட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. ஞாபகம் இருந்துச்சு."

வெர்லின் புதிய துப்பாக்கியைக் காலி செய்து லீலண்டிடம் நீட்டினான். "இனிமே நீ சுடு, மாப்ள. நான் தட்டை தட்டுறேன்."

லீலண்ட் கை நீட்டவில்லை.

"வேணாம், மச்சான். இதுல எதைச் சொல்லாம விட்டிருக்கியோ."

பிற்பகல் முழுக்க அந்த வரிசையில் இரண்டு பேர் வெறுங்கையோடு நடந்தார்கள், ஒருவன் இந்தக் கோடியில், ஒருவன் அந்தக் கோடியில்.