ஆளில்லா வீடுகளுக்கு ஒரு பஞ்சாலை

ஒன்பதாம் நம்பர் வீட்டுக் கதவைத் திறந்ததுமே பஞ்சாலை திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

"டேய், புத்தகத்தத் தொட்டியா இன்னிக்கு? பரீட்ச வருதுல்ல? ஒங்கப்பா அங்கேருந்து போன் பண்ணா நான் என்னா பதில் சொல்றது?"

திட்டிக்கொண்டே கூடத்து விளக்கைப் போடுவாள். மாடியில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று. தொலைக்காட்சியில் சீனச் செய்தி. குளியலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் சத்தம் தெருவுக்குக் கேட்கிறதா என்று சன்னலோரம் நின்று காது கொடுப்பாள். அடுப்பில் பூண்டை வதக்கி வாசம் கிளம்பியதும் அணைப்பாள். அந்த வீட்டில் பையன் என்று யாரும் இல்லை. வாங்கிய ஹாங்காங் தம்பதி ஒரே ஒரு முறை வந்து, சாவியையும் குடும்பப் படம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள். படத்தில் அந்தப் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிறான். பஞ்சாலைக்கு அது போதும்.

லாபு என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் ஒரு மூலையை வெட்டி எழுப்பிய தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு அது. வெளிநாட்டுக்காரர் இந்த விலைக்குக் கீழே வீடு வாங்கக் கூடாது என்று மாநிலம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. இந்த வீடுகள் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி கட்டப்பட்டவை. உள்ளூர்க்காரருக்கு எட்டாது. எட்டியவர்கள் ஊரில் இல்லை. ஆகவே மாலையானால் வரிசை முழுக்க இருட்டு. மதில் சுவருக்கு அப்பால் செம்பனை மட்டை ஒடிந்து விழும் சத்தம். அந்த இருட்டுக்குள்தான் பஞ்சாலை தன் மோட்டார் சைக்கிளில், மைலோ டின் நிறைய சாவியோடு, வீட்டுக்காரர்கள் தரும் கூலிக்கு வீடு வீடாகப் போய் ஆள் நடமாட்டம் உண்டாக்குகிறாள். முன்பு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைத்தவள். ஐம்பதைத் தாண்டியவள். கைலி, மேலே அந்தத் தொழிற்சாலையின் பழைய டி-சர்ட், மூக்கில் ஒற்றைக்கல்.

ஹேமநாதன் அவளை முதலில் பார்த்தது வரிசையின் கடைசி வீட்டில். ஈரோட்டுக்காரன். செனாவாங் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பொறியாளர். இரண்டு வருடமாகத் தனியாக ஓர் அறையில் இருக்கிறான். வீடு ஒன்று வாங்கிவிட்டால் மனைவி ரோகினியும் ஆறு வயது மகள் தாரணியும் வந்துவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. ரோகினியின் கணக்கு வேறு. "மொதல்ல நீங்க அங்க நிரந்தரமா இருக்கீங்களான்னு சொல்லுங்க, அப்பறம் வீட்டப் பாக்கலாம்" என்பாள். அவன் பேச்சை மாற்றுவான். வேலை அனுமதியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கடனோ அவன் தலை நரைத்த பிறகும் ஓடும்.

வீட்டைக் காட்டிய தரகர் சித்திக்கிடம் அதைத்தான் கேட்டான். "நடுவுல வேலை போயிட்டா என்னங்க பாய்?"

"வீடு எங்கயும் போவாது சார்" என்றார் சித்திக். "நீங்கதான் போவீங்க."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. கையில் துடைப்பத்தோடு பஞ்சாலை வந்தாள். வீட்டுக்காரரான ஜப்பானியக் கிழவர் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பிய பிறகு, விற்கும்வரை வீடு அவள் பொறுப்பு.

"பாய், தலைக்கு மை அடிச்சீங்க, தாடிய மறந்துட்டீங்களே?"

"தாடிக்கு அடுத்த மாசம் க்கா. பட்ஜெட் பத்தல."

அவளுடைய தொழிலைச் சித்திக் விளக்கியபோது ஹேமநாதன் சிரித்துவிட்டான். திருடனை ஏமாற்றப் பூண்டு வதக்குவதா?

"திருடன் வந்தா கிரில்ல கழட்டிக்கிட்டுப் போயிருவான் லா தம்பி" என்றாள் பஞ்சாலை. "ஆளில்லாத வூட்ல மத்தது வந்து குடியேறுனா போவாது."

சித்திக் சட்டென்று போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

அவளிடம் சில பழக்கங்கள் உண்டு. எந்த வீட்டிலும் உட்கார மாட்டாள். எந்த வீட்டுக் குழாயிலும் தண்ணீர் குடிக்க மாட்டாள். வண்டிக் கூடையில் தன் போத்தல் இருக்கும். கிளம்பும்போது கதவை மெல்லச் சாத்தி, "போயிட்டு வரேன்" என்பாள், வீட்டுக்கு அல்ல, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி. ஜப்பானியர் வீட்டில் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். "பெரியவருக்கு சத்தம் ஆவாது." பெரியவர் ஊருக்குப் போய்விட்டாரே என்றால், "அதுக்கு?" என்று திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய சொந்த வீடு செனாவாங்கில் வாடகை ஃபிளாட். ஒரு நாள் வண்டி பழுதாகி, ஹேமநாதன் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டான். மாடி முழுக்க வெளிச்சமாக இருக்க, அவள் வீடு மட்டும் கும்மிருட்டு. அவள் உள்ளே போன பிறகும் விளக்கு எரியவில்லை. மறுநாள் கேட்டான்.

"என் வூட்லதான் நானே இருக்கேனே. அங்க எதுக்கு லைட்டு?"

கடைசி வீட்டுக்கு அவன் முன்பணம் கட்டினான். மாநில அனுமதிக்கு விண்ணப்பம் போய், மாதக்கணக்கில் பதிலில்லை. வீடு இன்னும் அவனுடையதில்லை. ஆனாலும் வேலை முடிந்து லாபு பக்கம் வண்டியைத் திருப்புவது வழக்கமாகிவிட்டது. பஞ்சாலை வாசலைக் கூட்டிக்கொண்டே விசாரிப்பாள்.

"ஒங்க வூட்ல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?"

"ரோகினிதான். நாலரைக்கே."

"பாப்பாவுக்கு இருட்டுன்னா பயமா?"

"பயமில்ல. ஆனா கதவு கொஞ்சம் திறந்திருக்கணும்."

"ரசத்துக்கு பூண்டு தட்டிப் போடுவாங்களா, முழுசாவா?"

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் அவனிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. சம்பளம் கேட்டார்கள், பாஸ்போர்ட் கேட்டார்கள், கடன் கேட்டபோது வங்கிக்காரர் வயதைக் கேட்டார். அவன் வாய் ஓயாமல் சொன்னான். தாரணி சாப்பிடும்போது காலாட்டுவது, ரோகினி கோபம் வந்தால் பாத்திரத்தை அழுத்தித் தேய்ப்பது, எல்லாம். பஞ்சாலை துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டாள்.

அனுமதி வந்த வாரம் ஒரு மாலை, கடைசி வீட்டுக் கேட்டருகே காரை நிறுத்தியபோது அவனுக்கு ரச வாசம் அடித்தது. பூண்டு தட்டிப் போட்டது. உள்ளே யாரோ பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தார்கள்.

"தாரணி, காலாட்டாம சாப்புடு. அப்பா வர்ற நேரம்."

அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. காரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினான்.

பயம் அடுத்த முறைதான் வந்தது. மாடிச் சின்ன அறையில் படுக்கை விரித்திருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது, அவன் சொன்னபடியே. ஆனால் தலையணை கால்மாட்டில் கிடந்தது. தாரணி அப்படித்தான் தலைகீழாகப் படுப்பாள். அதைச் சொன்னோமா? சொல்லியிருப்போம் என்று நினைத்தான். காரில் திரும்பும் வழியெல்லாம் எப்போது சொன்னோம் என்று தேடினான். அகப்படவில்லை.

கடன் பத்திரத்தில் கையெழுத்து நாளைக் காலை என்று சித்திக் சொன்ன அன்று மதியம், ரோகினியிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "அப்பாகிட்ட பேசிட்டு சாயங்காலம் கூப்பிடறேன். இதுதான் கடைசி முடிவு."

வருகிறேன் என்றால் கையெழுத்து. வரவில்லை என்றால் முன்பணம் போனாலும் போகட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுவது. தீர்மானித்துக்கொண்டான். ஆனால் அந்தப் பதிலை அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்க மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டுக்குள் நின்று கேட்டால் நல்ல பதிலாக வரும் என்று ஒரு நப்பாசை. ஷிப்ட் முடிந்ததும் போனைக் கையிலேயே பிடித்தபடி லாபுவுக்கு ஓட்டினான்.

வரிசையில் மற்ற வீடுகளெல்லாம் இருட்டாக இருந்தன. அன்று பஞ்சாலை எந்த வீட்டுக்கும் போகவில்லை. கடைசி வீட்டு மாடியில் மட்டும் மங்கலாக ஒரு விளக்கு. அவன் வாசலில் கால் வைப்பதற்குள் கதவு திறந்தது. பஞ்சாலை விரலை உதட்டில் வைத்தாள். தலைமயிர் கலைந்து, தோளில் ஈரத்துணி கிடந்தது.

"மெதுவா வாங்க லா" என்றாள், மூச்சுக் குரலில். "பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது. மத்தியானத்துலேருந்து துணி நனைச்சுப் போடுறேன். இப்பதான் கண்ண மூடுச்சு."

"அக்கா…" என்றான் ஹேமநாதன். அவளைத் திட்டத்தான் வாயெடுத்தான். குரல் அவனை அறியாமலே தாழ்ந்திருந்தது. "அக்கா, நான் இந்த வீட்ட வாங்குறனான்னே இன்னும்…"

"ஷ்ஷ்."

கூடத்துத் தரையில் தைல வாசம். மாடிப்படியின் கீழ்ப்படியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், விளிம்பில் இன்னொரு துணி. ஒரு வீட்டிலும் உட்காராதவள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். படியில் ஈரம், கைலியின் பின்புறத்திலும் ஈரம். மாடியில் ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அவனும் அண்ணாந்து பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

கையில் போன் அலறியது. திரையில் ரோகினி. கூடம் காலியாக இருந்ததால் சத்தம் சுவரில் மோதிப் படியேறியது. எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, கட்டைவிரல் அசையவில்லை.

பஞ்சாலை பதறிப்போய் மாடியைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினாள். அதிர்வு மட்டும் மிச்சமிருந்தது. அது அடங்கும்வரை போனை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.