மதகுப் பலகைக்கு வைத்த மோட்டார்

கணவன் மீரா உசேன் குவைத்துக்குப் போனதும் மோட்டார் கடையை மெஹராஜ் பேகம் மூடிவிடுவாள் என்றுதான் மன்னார்குடிக் கடைத்தெரு நினைத்தது. அவள் மூடவில்லை. எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலையைத் தானே பார்த்தாள்.

காவிரித் தண்ணீர் பிந்திய அந்த ஆண்டு, கடைமடைக் குத்தகைக்காரர் வீரையன் அவளைத் தேடி வந்தார். வாய்க்கால் மதகின் இரும்புப் பலகையைத் தூக்க நாலு பேர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மேல்மடை நிலக்காரர் அரசப்பனோடு அவருக்குக் குத்தகை வழக்கு வேறு. பலகை ஏறினால் தண்ணீர் கடைமடைக்கு ஓடும், இறங்கினால் மேல்மடையில் தேங்கும். காலையில் கடைமடைக்கு, மாலையில் மேல்மடைக்கு என்று தாசில்தார் தண்ணீர் முறை வைத்திருந்தார்.

பாரம் இழுக்கும் பழைய லாரி வின்ச் மோட்டார் ஒன்றை, இரண்டு பேட்டரியில் ஓடும்படி மதகில் பொருத்தினாள் மெஹராஜ். ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான்.

"இது வீட்டு ஃபேன் இல்லண்ணே. ஏத்துற சுவிட்சும் இறக்குற சுவிட்சும் ஒண்ணா இழுத்துச்சுன்னா பேட்டரி நேரா ஷார்ட் ஆகும், செம்பே உருகிடும். அதனால ஒண்ணு ஓடுறப்ப மத்தது வேலை செய்யாம பூட்டியிருக்கேன். மோட்டார் முழுசா நின்னு கொஞ்சம் பொறுத்தாதான் திருப்ப முடியும்" என்றாள்.

அந்தப் பொறுமை அரசப்பனுக்கு இல்லை. ஒரு நாள் முற்பகலிலேயே அவருடைய ஆள் செல்லதுரை மதகுக்கு வந்தான். கடைமடை ஆள் பொத்தானை அழுத்திவிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போயிருக்க, பலகை ஏறிக்கொண்டிருந்தது. இறக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. பெட்டியைத் திறந்து பூட்டு வயரைப் பிடுங்கி, இரு முனைகளையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். வெடித்த சத்தம் நடவு வயல் வரை கேட்டது. அவனுடைய வலது கை வெந்துபோயிற்று.

வீரையன் வேண்டுமென்றே மோட்டாரைக் கெடுத்து வைத்தார் என்று அரசப்பன் புகார் கொடுத்தார். போலீஸ் வீரையனைப் பிடித்துப் போனது. "நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, உங்க பேரு வராது" என்று மெஹராஜிடம் அரசப்பனின் ஆள் ஒருவன் வந்து சொன்னான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப்போட்ட கையோடு கிடந்த செல்லதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தாங்க பிடுங்கினேன். காத்துக்கிட்டு நிக்காதடான்னு ஐயா சொன்னாரு. இத வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

இரண்டு நாள் யோசித்தாள். வாயைத் திறந்தால் செல்லதுரை குடும்பம் தெருவுக்கு வரும்; திறக்காவிட்டால் வீரையன் உள்ளே கிடப்பார். கடைசியில் கருகிய பெட்டியைக் காவல் நிலைய மேசைமேல் வைத்து, முறுக்கிய வயரை இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள். யார் சொல்லிச் செய்தது என்பதையும் சொன்னாள். வீரையன் வெளியே வந்தார். செல்லதுரையின் வேலை போனது.

அவன் மனைவி ரெங்கம்மாள் கடை வாசலுக்கு வந்து கத்தினாள். "உண்மையச் சொல்லிட்டீங்க. எங்க அடுப்பு எப்படி எரியும்?"

மெஹராஜ் செய்த புதுப் பெட்டியில், ஒரு சுவிட்ச் இழுத்தால் மற்றதைத் தடுக்கும் இரும்புத் துண்டையும் சேர்த்தாள். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தாள். மாட்டப் போனபோது வீரையனிடம் கேட்டாள்.

"மதகுக்கு ஒரு காவலாளி வேணும். செல்லதுரைய வைங்கண்ணே."

"என்னைய உள்ள வச்சவனயா?"

"உள்ள வச்சது அவன் இல்லண்ணே."

வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். கார்த்திகை வரை அவர் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலை, மதகில் செல்லதுரை இடது கையால் பொத்தானை அழுத்துவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். ரெங்கம்மாள் மட்டும் அவளோடு கடைசிவரை பேசவே இல்லை.