தர்மலிங்கம் அண்ணனின் பெரிய தொட்டி

செய்தியைக் கொண்டுவந்தது மீன் லாரி. கூடலூர் ஊட்டி சாலையில் இருக்கும் மின்நிலையத்தில் இப்போது எனக்கு வேலை. இரட்டை ஷிப்ட் முடித்து வாசல் கடையில் டீக்கு நின்றிருந்தேன். கோழிக்கோட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் ஹம்சா, வழக்கத்துக்கு மாறாக லாரியை ஓரங்கட்டி இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சாரே, நம்மட தர்மலிங்கம் போயி. நேத்து. மூச்சு கிட்டல."

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, எரிச்சல்தான். இழுப்பு நோயை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் தோள்வரை தண்ணீரில் கைவிட்டு அளையாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"தொட்டி?" என்று கேட்டேன்.

ஹம்சா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆளு போயாச்சு. சாரு தொட்டியைக் கேக்கிறீங்க."

தர்மலிங்கம் அண்ணனைத் தெரிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள். தர்மலிங்கத்தை விசாரிப்பதும் அந்தத் தொட்டியை விசாரிப்பதும் ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேரங்கோட்டுக்கு அந்தப் பக்கம், நான் மின்வேலை மேற்பார்வையாளனாக இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். இலங்கையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இளவயதிலேயே கொழும்புக்கு ஓடி, அழகுக்கு வளர்க்கும் கடல் மீன்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு முதலாளியிடம் சேர்ந்தார். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பிரித்து எடுத்துக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, கப்பலேறினார், மண்டபம் முகாமில் இறக்கினார்கள். எந்த ஊருக்கு அனுப்புவார்களோ என்று மற்றவர்கள் வரிசையில் நின்றபோது, இவர் முழங்கால் ஆழக் கடலில் குனிந்து நின்றிருக்கிறார். உயிர் ஒட்டியிருக்கும் கற்கள், பவளத் துண்டுகள், பூப்போல விரியும் உயிரான ஒரு கடல் சாமந்தி, அதற்குள் குடியிருந்த இரண்டு மீன்கள். நீலகிரிக்கு அவர் கொண்டுவந்த சொத்து அதுதான்.

"எல்லாரும் அண்டா குண்டா தூக்கிக்கிட்டு மலையேறுனாக தம்பி. இந்த மனுசன் கல்லைத் தூக்கிக்கிட்டு ஏறுனாரு" என்பார் அவர் மனைவி பூரணம் அக்கா. "ஈரச் சாக்குல சுத்தி மடியில வச்சுக்கிட்டு. அந்த வாடைக்குப் பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தரும் ஒக்காரல."

"ஒனக்கு சன்னல் சீட்டு கெடச்சுதுல்ல?" என்பார் அவர்.

எங்கள் பழக்கம் ஒரு ஃபியூஸில் தொடங்கியது. சாயங்காலமானால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் முழுக்க ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து அவர் வீட்டு உள்ளறையில் நின்றேன். இரும்புச் சட்டத்தில் மக்குப் பசை வைத்து ஒட்டிய ஒரு கண்ணாடித் தொட்டி. மலைக்குளிரில் தண்ணீர் ஆறாமலிருக்க, கண்ணாடிக் குழாயில் மணலை நிரப்பி, அடுப்புக் கம்பிச்சுருளைச் சொருகி, கரண்டு கொடுத்து உள்ளே இறக்கியிருந்தார்.

"ஏனுங்க, இதுக்குள்ள கைய உட்டா ஆளே போயிருவீங்க. தெரியுங்களா?"

"தெரியும் தம்பி. அதான் எடது கைய விடுறேன்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? அந்தக் கம்பிச்சுருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கழித்துப் போட்ட ஒரு மெஷினிலிருந்து தானாக அணையும் சுவிட்சைக் கழற்றிவந்து ஒழுங்கான ஹீட்டர் ஒன்று செய்து கொடுத்தேன். மீன்கள் மேல் ஆசை வந்தல்ல, ஃபியூஸ் கட்டி அலுத்துப்போய்த்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, மஞ்சள் வாலுள்ள அந்த இரண்டு மீன்களும் சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான் அன்றைக்கு நான் கவனித்தது.

மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்து மழையில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கரண்டு போனால் தொட்டித் தண்ணீர் மளமளவென்று ஆறிவிடும். மீன்கள் சாய்ந்து கிடக்கும். அவர் வெந்நீரைச் சீசாக்களில் அடைத்து உள்ளே மிதக்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போதாததற்கு இரும்புச் சட்டத்தை உப்பு தின்று, ஒரு மூலையில் கசிவும் தொடங்கிவிட்டது. என் வாய்தான் சும்மா இராதே.

"தண்ணி கொஞ்சமா இருந்தா சீக்கிரம் ஆறுமுங்க, சீக்கிரம் கெடுமுங்க. பெருசாக் கட்டுங்க. இல்லீன்னா கொண்டுபோய்க் கடல்லயே உட்டுப்போட்டு நிம்மதியா இருங்க."

அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாளே டேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினார். உள்ளறையில் அடுப்புப் புகை. பெரிய தொட்டி நிற்க இடமிருந்தது முன்னறையில் மட்டும்தான். அந்த முன்னறையோ பூரணம் அக்காவின் அண்ணனுக்கு என்று முடிவாகியிருந்தது. அவரும் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி மக்களோடு இலங்கையில் கப்பலுக்குக் காத்திருந்தார். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு லயத்தில் வீடு கிடைக்க மாதக்கணக்காகும். அதுவரை சொந்தக்காரர் வீட்டு முன்னறைதான் கதி. அக்கா பாய்களும் சட்டிகளும் சேர்த்து அந்த மூலையில் அடுக்கியே வைத்திருந்தார்.

"அண்ணேன் வந்தா எங்க படுப்பாக? ஒங்க மீனுக்குப் பக்கத்துலயா?"

"வரட்டும் புள்ள. வந்ததும் பாத்துக்குவோம்."

"வந்தப்பறம் என்னாத்தப் பாக்குறது? அம்புட்டுத் தண்ணியையும் தலையில தூக்கி வச்சுக்குவீங்களா? ஏலாது. அந்த எடம் அவுகளுக்கு."

பழைய தொட்டி உடைந்தால் வீடே நாறிப்போகும் என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"நீங்க பல்பு மாட்டுற வேலையப் பாருங்க தம்பி" என்றார் அக்கா.

கடைசியில் தர்மலிங்கம் அண்ணன் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சான் வாசல்ல வந்து நிக்கிற அன்னைக்கே தண்ணியத் தெறந்து விட்டுருவேன். சத்தியமா." சொன்னால் செய்கிற ஆள். அதனாலேயே அக்கா அதற்குமேல் பேசவில்லை. சம்மதிக்கவும் இல்லை.

அதன்பிறகு இலங்கைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு எந்த வண்டி தோட்டத்துக்கு வந்தாலும் அவர் ரோட்டுக்குப் போய் நிற்பார். மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மச்சான் இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அடுத்த நிமிடமே அது வெட்கமாக மாறும். அந்த முகத்தோடு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஸ்டோருக்கு வந்து சும்மா சாமான்களை நகர்த்திக்கொண்டிருப்பார். பார்க்கவே அலுப்பாக இருக்கும்.

கடல் தண்ணீர் ஹம்சாவின் லாரியில்தான் வந்தது, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கேன்களில். "மீன் வேண்டா, வெள்ளம் மதின்னு சொல்ற ஆளை நான் இவிடதான் கண்டது" என்பார் ஹம்சா. அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர், மதி என்றால் போதும். ஒருமுறை செக்போஸ்டில் சாராயம் என்று சந்தேகப்பட்டு ஒருவர் கேனைத் திறந்து வாயில் விட்டுப் பார்த்திருக்கிறார். "துப்பின துப்புல மேசை மேலெ உள்ள பேப்பர் எல்லாம் நனஞ்சு போயி சாரே." வந்த தண்ணீரைத் தர்மலிங்கம் அண்ணன் உடனே பயன்படுத்த விடமாட்டார். இருட்டில் சாக்குப் போட்டு மூடிவைப்பார். "புதுத் தண்ணி துள்ளிக்கிட்டு இருக்கும் தம்பி, ஒங்களாட்டம். அடங்கட்டும்."

ஒரு நாள், அக்காவின் அண்ணன் இருந்த அதே தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அந்தப் பெண் அக்காவைத் தேடி வந்து சொன்னாள்: அவர் இரண்டு பக்கமும் எழுதிப் போட்டிருந்தார், இலங்கைப் பக்கம் முதலில் கிடைத்துவிட்டது, அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டார், இனி வரமாட்டார்.

அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அந்த வாரம் முன்னறையைக் கூட்டி, பாய்களையும் சட்டிகளையும் பரணில் ஏற்றிவிட்டார். பிறகு புருஷனிடம், "கண்ணாடியக் கொண்டாந்து வைங்க. சும்மாதான கெடக்கப் போகுது" என்றார்.

அவ்வளவு நாள் தவித்த மனிதர், இடம் கிடைத்தபிறகு ஒரு வேலையும் செய்யவில்லை. கோயமுத்தூரிலிருந்து தடிமனான கண்ணாடியும் சிலிக்கான் பசையும் நான் வாங்கி வந்து போட்டாயிற்று. "ஏனுங்கண்ணா, எடந்தான் கெடச்சுப்போச்சுங்களே, இன்னும் என்னங்க?" என்று நச்சரித்தேன்.

"கெடச்ச விதம் நல்லால்ல தம்பி" என்றார்.

எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை குடி மாற்றினோம். இரும்பே இல்லாத கண்ணாடித் தொட்டி, அதற்கு ஃபேக்டரி தச்சர் அடித்துக் கொடுத்த மேடை. முதலில் கற்கள், பிறகு பழைய தண்ணீர், பிறகு அடங்கிய புதுத் தண்ணீர். சாமந்தியைப் பிடுங்கக் கூடாது, ஒட்டியிருக்கும் கல்லோடு தூக்க வேண்டும். அவர் தூக்கினார். மத்தியானத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் இரண்டும் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டுச் சாமந்திக்கே திரும்பி வந்தன.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தார். கையில் பால் பொங்கி வழிந்த பாத்திரம். கண்ணாடியில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். "புது வீட்டுக்குக் குடி வந்திருக்காகள்ல" என்று சொல்லிக்கொண்டே டம்ளரில் பாலை எடுத்துத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை நெரித்தார். சோப்புப் போட்ட கையோடு யாரையும் கிட்டே விடாதவர் அவர். பிஸ்கட் துண்டைப் போட்டதற்காக மேனேஜர் வீட்டுக் குழந்தையையே அதட்டியவர். பால் அந்தத் தண்ணீரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் நின்றார். அக்கா டம்ளர் முழுவதையும் ஊற்றி, கைகூப்பிவிட்டு உள்ளே போனார். பால் கற்களுக்கு நடுவே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"புத்தி இருக்குதுங்களா உங்களுக்கு? அத்தனையும் செத்துப்போயிருமுங்க!"

"அது அவ அண்ணனுக்குன்னு வச்சிருந்த பாலு தம்பி. நடுவுல போயி என்னையக் கைய நீட்டச் சொல்றீங்களா?"

மறுநாள் தண்ணீர் அரிசி கழுவியது போலாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இருந்த கேன்களையெல்லாம் கொட்டி மாற்றினோம். ஹம்சா இன்னும் கொண்டுவந்தார். தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. தண்ணீர் ஏன் வெளுத்தது என்று அக்கா கேட்டார். "புதுசு அப்படித்தான்" என்றார் அண்ணன். எனக்குப் பொய் சொல்ல வராது, ஃபியூஸ் பார்க்கப் போய்விட்டேன். பவளத்தில் இரண்டு துண்டு செத்தது. சாமந்தி சுருங்கி முஷ்டியளவு ஆகிவிட்டது. தூக்கி எறியுங்கள் என்றேன். கேட்கவில்லை. பல நாள் கழித்து அது மெதுவாக விரிந்தது. முன்னைவிடப் பெரிதாகவே விரிந்தது. அக்கா லயத்துப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினார்.

"நான் பாலு ஊத்துன கைராசி. இவரு இத்தன வருசமா கல்லக் கட்டிக்கிட்டு அழுதாரே, இப்படிப் பூத்துச்சா?"

"இல்லதான்" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது அவர் இல்லை. துஷ்டி கேட்கப் போனேன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்குத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் வேலையும், லயத்தில் ஒற்றை அறையும் தருகிறார்கள். அங்கே தொட்டி வைக்க முடியாது. நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நீங்கதான பெருசாக் கட்டச் சொன்னீக. நீங்களே தூக்கிட்டுப் போங்க."

அன்றைக்கு ஹம்சா மீன் ஏற்றவில்லை. கற்களையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இப்போது அந்தத் தொட்டி மின்நிலையக் குடியிருப்பில் என் வீட்டு முன்னறையில் நிற்கிறது. அம்மா தினமும் திட்டுகிறார். ஷிப்ட் முடிந்து கால் ஓய்ந்து வந்தால், விளிம்பில் பூத்த உப்பைச் சுரண்ட வேண்டும், வற்றிய தண்ணீரை நிரப்ப வேண்டும், சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது முடிகிற வேலை இல்லை. திறந்துவிட்டுப் படுத்துவிடலாமா என்று தோன்றாத வாரமில்லை.

போன மாதம் அக்கா லீவு போட்டுவிட்டு பஸ்ஸேறி வந்தார். மீன்களிடம் வெகுநேரம் குனிந்து நின்றார். சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளறையில் படுக்கச் சொன்னார் அம்மா. அக்கா கேட்கவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பாயை விரித்து, கண்ணாடியைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, சுவர்வரைக்கும் கையால் சாண் போட்டுப் பார்த்தார்.

"அந்த ஊட்டு அறையும் இம்புட்டுதான தம்பி?"

"அதேதானுங்க்கா. தொட்டி நின்ன எடமும் இப்படியேதான்."

"இன்னும் ரெண்டு பாய் விரிக்கலாம். சின்னதுக கால்மாட்டுல படுத்துக்கும். அண்ணேன் வந்திருந்தாலும் படுத்திருக்கலாம்." பாயை நீவிவிட்டு, "தண்ணியத் தெறந்து விட வேண்டியிருந்திருக்காது" என்றார். மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார். மீன்கள் அவர் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தன.

தர்மலிங்கம் அண்ணன் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தத் தொட்டி, ஓயாத அந்த வேலை, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவுக்கு இடம். அந்த இடத்தில் நாற்காலி போடலாம் என்கிறார் அம்மா. நான் எதையும் போட விடுவதில்லை.