தாள் நுழையும் சந்து

குளிர்பெட்டிக் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடுகிறார் குணாளன். பிறகு அதை மெல்ல வெளியே இழுக்கிறார். தாள் சிணுங்கிக்கொண்டே வருகிறது. "ம்ம், பிடிக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சன்னலுக்குப் போகிறார். அடுத்தது வாசல் கதவு. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை முறை என்று அவர் மனைவி ரதியிடம் கேட்டால், "அத கணக்கு வச்சா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்" என்கிறார்.

அது தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருநீறு மடித்துக் கொடுக்கும் தாள். வேறு தாளை அவர் நம்புவதில்லை. கடையில் விற்பது தடிமனாம், சிகரெட் தாள் மெலிவாம். மடிப்பில் இன்னும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டுதான் அவருடைய அளவுகோல்.

லுக்குட் ஊரில் சமையலறை காபினட் செய்யும் பட்டறையில் வேலை. வயது ஐம்பத்தொன்று. காதில் ஒரு தட்டைப் பென்சில் எப்போதும் இருக்கும். அதோடே தூங்கித் தலையணையில் இரண்டு முறை கோடு விழுந்திருக்கிறது. மழை மாதங்களில் அவருக்குத் தூக்கம் குறைவு. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கதவு மூடாது, வாடிக்கையாளர்கள் போனில் கத்துவார்கள். வானம் கறுத்தால் போதும், யாருடைய சமையலறையில் எந்தக் கதவு இறுகும் என்று மனத்துக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த மனிதர்தான் துப்பாக்கிக்குக் கட்டை செய்தார்.

காரணம் ரதி. தொழிற்சாலைக் காவலராக இருந்தபோது துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். கை நன்றாக இருக்கிறதென்று யாரோ சொல்ல, ரெம்பாவ் பக்கத்தில் உள்ள இலக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நல்லதாக இருப்பது ஒரே ஒரு சிறுரகத் துப்பாக்கி. ஐம்பது மீட்டர் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தைச் சுட வேண்டும். உறுப்பினர்கள் ஆறு பேர். அந்தத் துப்பாக்கியின் பழைய மரக்கட்டையோ யாரோ ஓர் ஆறடி ஆளுக்குச் செய்தது. "கன்னத்த வச்சா கண்ணு தெரியல, கண்ணு தெரிஞ்சா கன்னம் தொங்குது" என்று ரதி வீட்டுக்கு வந்து சொன்னார். போன வருடம் மாநில அணித் தேர்வில் ஒரே ஒரு புள்ளியில் இடம் போனது.

குணாளன் பட்டறையில் மிஞ்சிய ரப்பர் மரத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, செதுக்கினார். கன்னம் வைக்கும் பகுதி ஏறி இறங்கும். தோளில் பதியும் தட்டு நீளும், சுருங்கும். கையை ஊன்றும் கட்டை முன்னும் பின்னும் நகரும். படுத்துச் சுடலாம், மண்டியிட்டுச் சுடலாம், நின்றும் சுடலாம். ஆறு பேருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தியது. "காபினட்ல தட்டு ஏத்தி எறக்குறோம்ல, அதான்லா இது" என்கிறார், புகழ்ந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

ஆனால் அந்தத் துப்பாக்கியை அவர் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. குழலும் மற்ற இரும்புகளும் கழகத்தின் இரும்பு அறையில் இருக்கின்றன. சாவி சித்திக் பாயிடம். முன்னாள் ராணுவக்காரர், மற்ற நேரங்களில் மகனுடைய சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருபவர். அவர் அளந்து சொன்னபடி, குழலுக்குப் பதிலாக ஒரு தண்ணீர்க் குழாயைக் கடைந்து வாங்கி, அதைச் சுற்றித்தான் குணாளன் முழுக் கட்டையையும் செய்தார். கடைசியில் பொருத்திப் பார்த்ததும் சித்திக்கின் கைகள்தான். குணாளன், சுடுபவர்கள் மட்டும் தாண்டலாம் என்று கட்டிய மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் முன்னால தொடலாம் தம்பி. கடிக்காது" என்றார் சித்திக்.

"வேணாம் பாய். எனக்கு லைசென்ஸ் இல்ல."

"ஒம் பொண்டாட்டிக்கு இருக்கு, எனக்கு இருக்கு. தொடுறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

"அப்பறம் யாராச்சும் எதாச்சும் கேட்டா?"

இந்த 'யாராச்சும்' யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குணாளனின் வாழ்க்கையில் அவர் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார். கட்டையை மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போகக் கழகம் முறையாக அனுமதி வாங்கித் தந்திருந்தது. குணாளன் அதற்கு மூன்று நகல் எடுத்தார்: சட்டைப்பையில் ஒன்று, இருக்கைக்கு அடியில் ஒன்று, மரத்தைச் சுற்றிய போர்வைக்குள் ஒன்று. அது போதாதென்று புறப்படும் ஒவ்வொரு முறையும் வழியிலுள்ள போலீஸ் பாலாய்க்குள் போய், "இது மரம்தான், சார்" என்று போலீசிடம் அவிழ்த்துக் காட்டினார். கடைசியில் அந்தப் போலீஸ்காரர் தூரத்தில் மோட்டாரைப் பார்த்ததுமே போ, போ என்று கையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

இவ்வளவு பயந்தவர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தார். குழல் மரத்தில் எங்கும் படக்கூடாது. பட்டால் குண்டு விலகும். அதனால் குழலைச் சுற்றித் தாராளமாகச் சந்து விடச் சொன்னார் சித்திக். குணாளனுக்கு மனம் வரவில்லை. காபினட்காரரின் கண்ணுக்கு அகலமான சந்து என்றால் கேவலமான வேலை. "இவ்ளோ எடம் விட்டா பாக்குறவன் காறித் துப்புவான் பாய்" என்று சொல்லி, திருநீற்றுத் தாள் ஓடும் அளவுக்கு மட்டும் விட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டை கழகத்துக்குப் போன பிறகுதான் அவர் பூச்சுகளை எண்ண ஆரம்பித்தார். வெளியே நான்கு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தார். குழல் கிடக்கும் பள்ளத்தில் ஒரே பூச்சு; அதற்கு மேல் அடித்தால் சந்து அடைந்துவிடும். மழை பிடித்தால்?

இந்த வருடத் தேர்வுக்கு முந்தின இரவே பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. செம்பனை மரங்களுக்குப் பின்னால் மலை தெரியவில்லை. "இந்த வருசமும் போச்சுன்னா என் கட்டையாலதான் போச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ரதி காரின் சன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். "வாய மூடிட்டு ரோட்ட பாருங்க. சுடுறதுக்கு முன்னாடி என்னைய நீங்களே கொன்னுருவீங்க போல."

சித்திக் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து ரதியிடம் கொடுத்தார். குணாளன் கயிற்றுக்கு மேலாகத் தாளை நீட்டினார். "ஒரு தரம் ஓட்டிப் பாரு. முன்ன இருந்து பின்ன."

ரதி வாங்கிக்கொண்டு திரும்பிக் குனிந்தார். அவருடைய கெட்டியான சுடும் சட்டை முதுகு எல்லாவற்றையும் மறைத்தது. பிறகு திரும்பாமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். குணாளன் நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டார்.

அந்த நிம்மதி, ரதி படுத்துக்கொண்டு, கணக்கில் சேராத பழகு குண்டுகளைச் சுடும்வரைதான் இருந்தது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த சித்திக் முணுமுணுத்தார்: "எடது பக்கம் போவுது. மறுபடியும் எடது."

குணாளன் இலக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மழையையும் செம்பனையையும் பார்த்தபடி வெடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். உதடு அசைந்தது, சாமி பெயரா, மரத்தின் பெயரா, தெரியவில்லை. ரதி குறியைச் சரிசெய்யும் திருகை மெல்லத் திருப்பினார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்புறம் சித்திக்கிடமிருந்து பேச்சே இல்லை. பேச்சில்லாததுதான் குணாளனுக்குத் தாங்கவில்லை. "பாய், எதாச்சும் சொல்லுங்க பாய்" என்றார், திரும்பாமல்.

"சும்மா இரு. பொத்தான தச்சுக்கிட்டு இருக்கா."

மாநில அணிப் பட்டியலில் ரதிக்குக் கடைசி இடம். ஆனாலும் இடம். மற்ற பெண்கள் கை குலுக்கினார்கள். ரதி சட்டையைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். மடிக்கும்போது பையில் எதுவோ தட்டுப்பட, குணாளன் வெளியே எடுத்தார். திருநீற்றுத் தாள். குறுக்கே பாதியில் கிழிந்திருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"தாள் ஓடுதுன்னுதான வெரல காட்டுன?"

"கிழிஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தா நீங்க அங்கயே விழுந்திருப்பீங்க. ஒங்களத் தூக்குறதா, நான் சுடுறதா?" ரதி வாயைத் துடைத்துக்கொண்டார். "முன்னால இருந்து ஒரு சாண் தள்ளி, வலது பக்கம் இறுக்குது. மாநிலப் போட்டிக்கு முன்ன எடுத்து வுடுங்க. அகலமா எடுங்க. எவனும் துப்ப மாட்டான்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம், மேசை மேல் சித்திக் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குண்டு இல்லை, பூட்டும் கழற்றித் தனியே இருந்தது. குணாளன் நேராகக் கயிறு வரை போனார். ஒரு நிமிடம் நின்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, கயிற்றுக்கு மேலே குனிந்து, கட்டையின் முன்முனையிலிருந்து ஒரு சாண் அளந்து, தாள் கிழிந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டார். கோடு கோணிவிடாமல் இருக்க, அவருடைய இடது கை குழலை அழுத்திப் பிடித்திருந்தது.