நடுவட்டம் இறக்கத்தில் பெட்ரோல் முள்

காலை ஏழு மணிக்குக் குன்னூரில் ரெஜினா வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். கிளம்பினோம் என்று சொல்கிறேனே தவிர, நான் அந்தக் காருக்குள் இறங்கி உட்காரவே ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பந்திப் பாயில் உட்கார்ந்த மாதிரி அவ்வளவு தாழ்வு.

நானும் ரெஜினாவும் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் ஒரே விடுதி அறை. நான் ஈரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன்; அவள் குன்னூரில் அறிவியல். ஓய்வு பெற்றவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள், இவள் போய்ப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆசைப்பட்டாள், வாங்கினாள். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

நாங்கள் போனது தேவாலாவில் இருக்கும் அவள் தம்பி அருள்தாஸ் வீட்டு விருந்துக்கு. விருந்து என்பது சாக்கு. போன மாதம் கேத்தி ஏற்றத்தில், முள் கால் டேங்க் காட்டும்போதே பெட்ரோல் தீர்ந்து, கொட்டும் மழையில் ரெஜினா தனியாக நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து காரை விற்கச் சொல்லித் தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான். அதை வாங்க, ஓவேலியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவரையும் பிடித்து, அன்றைக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தான். “வர்ற வழியில ஒருக்கா மக்கர் பண்ணுச்சுன்னா சாவியக் குடுத்தர்றேன்” என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஊட்டி வரைக்கும் ஏற்றம். முக்கால் டேங்குக்கு மேலேயே நின்றது முள். ஊட்டி பெட்ரோல் பங்கில் சுற்றுலா வண்டிகளின் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது.

“முள்ளு மேலதான் நிக்குது. எதுக்கு வரிசையில நின்னுக்கிட்டு?” என்று நேராக விட்டாள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் பைக்காராவில் நிறுத்தி டீ குடித்தோம். டீ இருபது ரூபாய், குளிருக்கு நாற்பது கொடுத்தாலும் தகும். ஏரி மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா ஏரியைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தாள், பிரித்து அனுப்பப்போகிற பிள்ளையைப் பார்ப்பது போல. எனக்குப் பாவமாக இருந்தது.

நடுவட்டம் தாண்டியதும் சாலை மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்குகிறது. இரண்டு பக்கமும் தேயிலை, வளைவுக்கு வளைவு பனி. மூன்றாவது வளைவில் ரெஜினா “மாதாவே!” என்றாள். முள் அடியோடு படுத்திருந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது.

“நேத்துத்தான புள்ள அரை டேங்க் போட்டேன். எங்கயோ ஒழுகுது போல.”

“நிறுத்திப் பாக்கலாமே?”

“நின்னா நின்னதுதான். கூடலூர் வரைக்கும் எறக்கம், உருட்டிக்கிட்டே போயிரலாம்.”

எஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, வண்டியை உருள விடுவது மலைக்காரர்களின் பழைய சிக்கனம். அப்பாவின் எஸ்டேட் ஜீப்பில் ஓட்டப் பழகியவளுக்கு அது கை தானாகச் செய்கிற காரியம். சத்தம் நின்றது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை இரண்டு தரம் மிதித்தாள். மூன்றாம் தரம் மிதி கல்லாக இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துப்போயிற்று. இந்தக் காரில் இரண்டுக்கும் எஞ்சின் ஓடினால்தான் பலம் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. ரெஜினா இரண்டு காலாலும் மிதித்து, கைப் பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கமாகத் திருப்பினாள். தேயிலைச் செடி கண்ணாடியை உரச, வண்டி நின்றது. நான் அதற்குள் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

ரெஜினா கைப் பிரேக்கை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே ஓடியது! முதல் கியரிலேயே ஊர்ந்து, கீழே ஒரு தேயிலை ஃபேக்டரி வாசலில் சமதளம் பார்த்து நிறுத்தினோம். கீழே குனிந்து பார்த்தாள். ஒழுகல் இல்லை, வாசனையும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் முள் அரை டேங்குக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

“செய்வினையா புள்ள இது?” என்றேன்.

ரெஜினா கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த நீலகிரித் தைலப் பாட்டிலை எடுத்து, என் கண் முன்னால் படுக்க வைத்து, மூக்கைச் சாய்த்தாள். தைலம் முழுக்க மூடிப் பக்கம் ஓடியது, அடிப்பக்கம் காலி.

“டேங்க் தட்டையா, சீட்டுக்குப் பின்னால படுத்திருக்கு. முள்ள ஆட்டற மிதவை பின்கோடியில இருக்கும் போல. எறக்கத்துல பெட்ரோல் முன்னால ஓடிருது, மிதவை தொப்புன்னு விழுந்துருது. ஏத்தத்துல பின்னால வந்து தூக்கிக் காட்டுது.”

“அப்போ கேத்தியில?”

“அது ஏத்தமாச்சே. இல்லாதத இருக்குன்னு காட்டுச்சு. இன்னைக்கு இருக்கறத இல்லைங்குது.” நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “திரவம் தன் மட்டத்தைத் தானே அடையும்னு முப்பது வருசம் கரும்பலகையில எழுதிப் போட்டேன், சரசு!”

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அழுதாள். கேத்தியில் நின்ற நாளிலிருந்து, வயசாகிவிட்டது, புத்தி தவறுகிறது என்று தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாளாம்.

பன்னிரண்டரைக்குத் தேவாலா. அங்கே மழை விட்டபாடில்லை. கோழிக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல், ஓவேலிக்காரர் எல்லாரும் தயார். அருள்தாஸ் அக்காவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான்.

“ஏனுங்க சரசக்கா, வழியில தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களே?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தோழிக்காக ஒரு பொய் எனக்குப் பெரிதில்லை. அதற்குள் ரெஜினா சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, நடுவட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். “வண்டி மேல தப்பில்ல. எஞ்சின அணைச்சது நானு. ஆனா நின்னுச்சுங்கறது நெசம். சொன்னது சொன்னதுதான்.”

அருள்தாஸ் சாவியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். “உங்களுக்கு வண்டி உசுருன்னு எனக்குத் தெரியாதுங்களாக்கா? நேரங்கெட்ட நேரத்துல போன் அடிச்சா, நீங்க எங்க நிக்கறீங்களோன்னுதான் எடுக்கறேனுங்க. அதுக்குத்தான்.” ஓவேலிக்காரர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். நல்ல மனிதர்.

கடைசியில் அவன் சாவியை அக்காவிடமே நீட்டினான். “திரும்பிப் போறப்ப நானும் வர்றேனுங்க. ஏத்தம் எறக்கம் எல்லாம் கூட உக்காந்து பாத்துட்டு, அப்புறம் சொல்றேன்.”

காரில் இரண்டே சீட் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. ஆக, நான் பஸ்ஸில் ஏறினேன். கூடலூரில் மாறி ஊட்டி பஸ். எங்கள் ஈரோட்டுச் சாலை தட்டையானது. அங்கே முள் சொன்னதை நம்பி ஆயுளை ஓட்டிவிடலாம். இங்கே அப்படி முடியாது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

நடுவட்டத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து ஹாரன். கூடலூர் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சிவப்புக் கார் பஸ்ஸை ஒட்டி ஏறிக் கடந்தது. ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். முள்ளைப் பார்க்க வந்த அருள்தாஸ் முள்ளைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.